சங்கு அளவு கேக்

நேற்று மத்தியானத்திலிருந்து என் மனைவி என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்குப் போன் வருவதில் குறையில்லை. ஆனால் போன் என்னுடையது, பேச்சு அப்பாவோடு. "மாமா, அவரு சாப்பிட்டாரான்னு கேளுங்க" என்கிறாள் ஸ்பீக்கரில். நான் ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். அப்பா என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியான்னு கேக்குது" என்கிறார். "சாப்பிட்டேன்னு சொல்லுங்க" என்கிறேன். அப்பாவின் காது இருக்கும் இருப்புக்கு, இந்த ஒரு கேள்வி போய்ச் சேர்ந்து திரும்பி வர நாலு நிமிஷம்.

எல்லாம் ஒரு கேக்கால். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளங்கை அகலம். இரண்டு பேருக்கு. அதில் ஒருவருக்கு மேல்வரிசைப் பல்லே கிடையாது.

பெரிய மகளின் பிரசவத்துக்காக ஓசூர் கிளம்பும்போது மனைவி இரண்டு உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். ஒன்று, தினமும் காலையில் இருவரும் ஓட்ஸ் கஞ்சி. இரண்டு, பீரோ மேல்தட்டில் இருக்கும் வெள்ளிச் சங்கைத் தேடி எடுத்து, யாராவது ஓசூர் பக்கம் போனால் கொடுத்தனுப்ப வேண்டும். பேரனோ பேத்தியோ, முதல் மருந்து அதில்தான் போக வேண்டுமாம். தேடி எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. கொடுத்தனுப்புவதில்தான் பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது.

ஓட்ஸ் முதல் நாளே தகராறு. அப்பா டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே கீழே வைத்தார். அவர் புதுச்சேரி ரோடியர் மில்லில் நூலுக்குக் கஞ்சி போடுகிற டிபார்ட்மெண்ட். பாவு நூலைக் கஞ்சியில் முக்கி, நீராவி உருளைமேல் ஓடவிட்டுக் காயவைத்து, தறிக்கு அனுப்புகிற வேலை. "முப்பத்தாறு வருஷம் நூலுக்குப் போட்டேன். இப்ப எனக்கே போடுறியாடா?" என்றார். அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டாம் நாள் நானும் முகர்ந்து பார்த்தேன். கிழவர் சொல்வதில் நியாயம் இருந்தது. மூன்றாம் நாள் முதல் பழையபடி இட்லி. ஆக, ஒரு கிலோ பாக்கெட்டில் சுமார் 900 கிராம் அப்படியே நின்றது. அவள் வந்ததும் முதலில் தூக்கிப் பார்க்கப்போவது அந்த டப்பாவைத்தான், என்னை அல்ல.

இன்னொரு பக்கம் சாத்துக்குடி. போன மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதலியார்பேட்டையில் ஒருவர் படுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வந்தவர் எல்லாரும் ஒரே கடையில் சொல்லிவைத்த மாதிரி ஆளுக்கு ஒரு கிலோ. காய்ச்சல் இறங்கி, ஆள் எழுந்து, தெருமுனை வரை நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். ஆனால் செய்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்த சொந்தங்கள் இன்னமும் வந்துகொண்டிருக்கிறார்கள். போன வாரம் வில்லியனூர் சித்தப்பா வந்தபோது கதவைத் திறந்ததே அப்பாதான். சித்தப்பா நோயாளியின் கையிலேயே பையைக் கொடுத்துவிட்டு, "அண்ணனுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று சாத்துக்குடி.

ஓட்ஸும் தீர வேண்டும், சாத்துக்குடியும் தீர வேண்டும். இரண்டையும் ஒரே அடியில் தீர்க்க கேக்தான் வழி என்று முடிவு செய்தேன். மகள் தன் கல்யாணத்துக்கு முன்னால் ஆசையாக வாங்கிய ஓவன், அப்பளம் நமத்துப் போகாமல் வைக்கிற அலமாரியாக ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்தது.

இங்கேதான் அளவுப் பிரச்சினை. போனில் பார்த்த கேக் எல்லாமே எட்டு இன்ச் தட்டு, மூன்று முட்டை. அதை மூன்றால் வகுத்தால் முட்டை சரியாக ஒன்று வரும். மற்றதெல்லாம் கால் ஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு என்று போய்விடுகிறது. நம் வீடுகளில் எதுவும் இரண்டு பேருக்கு என்று கிடையாதே. என் மனைவிக்கு ரசம் என்றாலே எட்டு டம்ளர்தான். பாத்திர அலமாரியைத் திறந்தால் குண்டான், அதைவிடப் பெரிய குண்டான், அதைப் போட்டு வைக்கிற குண்டான். கடைசியில் மூலையில் ஒரு வட்ட எவர்சில்வர் டப்பா கிடைத்தது. அடியில் மாமா பேரும் 'காதணி விழா அன்பளிப்பு, 1998' என்றும் வெட்டியிருந்தது. சரி, இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கடுகுக்குக் காவல் இருந்தது போதும் என்று காலி செய்தேன்.

மூன்றாவது வீட்டு சொல்தா அம்மாவிடம் யோசனை கேட்டேன். அவர்கள் வீட்டுத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதாவது சொல்தா. ஜூலை 14 வந்தால் மெடல்களைக் குத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தம்மா என் நோட்டையும் வகுத்தல் கணக்கையும் பார்த்துச் சிரித்தார். பிரான்ஸில் சின்னப் பிள்ளைகள் முதன்முதலில் செய்யக் கற்றுக்கொள்வது தயிர் கத்தோவாம், அதாவது தயிர் கேக். தராசு வேண்டாம், கப்பும் ஸ்பூனும் வேண்டாம். தயிர் வருகிற சின்னக் கிண்ணம்தான் அளவு. ஒரு கிண்ணம் தயிர், இரண்டு கிண்ணம் சர்க்கரை, மூன்று கிண்ணம் மாவு, அரைக் கிண்ணம் எண்ணெய், மூன்று முட்டை, கொஞ்சம் பேக்கிங் பவுடர். அவ்வளவுதான். நம் ஆழாக்குக் கணக்கு மாதிரியே இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். "உங்களுக்கு ஒரு முட்டைதானே? அப்ப கிண்ணத்த சின்னதா எடுத்துக்குங்க தம்பி" என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. என்னைத் தம்பி என்று கூப்பிட அந்தத் தெருவில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

கிண்ணம் 125 கிராம் என்றால் மூன்றில் ஒரு பங்கு நாற்பது சொச்சம். வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? டம்ளர் பெரிது. இருமல் மருந்து மூடி சிறிது. கண் மேஜைக்குப் போனது. அங்கே, ஓசூர் போகக் காத்துக்கொண்டு, பேப்பரில் பாதி சுற்றியபடி வெள்ளிச் சங்கு.

தண்ணீர் ஊற்றி அளந்தேன். ஒன்றரைச் சங்கு ஊற்றினால் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. இதை அவர் நேற்று ஸ்பீக்கரில் மறுத்தார் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

தயிர் ஒன்றரைச் சங்கு. சர்க்கரை மூன்று வர வேண்டும். அப்பாவின் சுகருக்குப் பயந்து இரண்டு. மிக்சியில் பொடித்த ஓட்ஸ் நாலரை. நல்லெண்ணெய் வேண்டாம் என்று சொல்தா அம்மா சொல்லியிருந்ததால் கடலை எண்ணெய் முக்கால். அப்புறம் சாத்துக்குடித் தோல். மேலாக, பச்சை மட்டும் சீவ வேண்டும். வாசனை எண்ணெய் அதில்தான் இருக்கிறது, கீழே இருக்கிற வெள்ளை கசக்கும். எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுத் துருவிக்குத் தெரியாது. அது தேங்காயைப் பார்த்து வளர்ந்தது. தோலை ஒரு இழுப்பு இழுத்தால் சுளை வரைக்கும் போய்விடுகிறது. போதாததற்கு, பழம் தீர வேண்டுமே என்று இரண்டு சங்கு ஜூஸும் சேர்த்தேன். கணக்கில் இல்லாதது. கலவை ஊத்தப்ப மாவு பதத்திலிருந்து ரவா தோசை பதத்துக்கு இறங்கியது.

பேக்கிங் பவுடரையும் போட்டுக் கலக்கியபிறகுதான் ஓவனை முன்கூட்டியே சூடு பண்ண வேண்டும் என்று ஞாபகம் வந்தது. 180 டிகிரிக்குப் போகப் பத்து நிமிஷம். அதுவரை கிண்ணத்தில் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து, என்னைப் பார்த்து, வெடித்துப் போய்க்கொண்டிருந்தன.

டப்பா உள்ளே போனதும் அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து ஓவனுக்கு எதிரே போட்டார். துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டார். "எத்தனை மணிக்கு சங்கு?" என்று கேட்டார். அவர் கேட்டது மில் சங்கு. முதலியார்பேட்டையே அந்தச் சத்தத்துக்கு எழுந்து, அந்தச் சத்தத்துக்குச் சாப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. 1898-ல் ஆரம்பித்த மில்லை 2020-ல் இழுத்து மூடியபிறகும், அவருக்கு எந்த வேலையும் சங்கில்தான் ஆரம்பிக்கிறது, சங்கில்தான் முடிகிறது. "முப்பது நிமிஷத்துல டிங்குன்னு ஒரு மணி அடிக்கும்பா" என்றேன். "அது கடைசி ஷெட் வரைக்கும் கேக்குமா?" என்றார்.

அதற்கப்புறம் அந்த ஆள் அசையவில்லை. டிவி சீரியல் நேரம் வந்தது, போனது. தூரத்து ஆள்போலக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கதவைத் திறக்கப் போனார், கையைப் பிடித்துவிட்டேன். மூன்றாவது தடவை நான் வாசலில் கீரைக்காரம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன், திறந்துவிட்டார். "மூக்கால பாக்காம கண்ணால பாத்து எப்படிடா தெரியும்?" என்றார்.

பதினெட்டாவது நிமிஷம் கரண்ட் போனது.

பாதி வெந்த கேக்கை என்ன செய்வது என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. குக்கர் அடியில் ஒரு அங்குலம் கல்லுப்பு கொட்டி, ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி, டப்பாவை உள்ளே இறக்கிச் சிம்மில் வைத்தேன். இந்த இடமாற்றத்தில் நடுப்பகுதி ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டது. சுற்றிலும் கரை, நடுவில் ஊசுடு ஏரி. கோடையில் பார்க்கிற மாதிரி.

குக்கருக்குக் கண்ணாடி இல்லை. அப்பா நாற்காலியை அடுப்பு பக்கம் திருப்பிப் போட்டார். நான் போனில் நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் பத்து நிமிஷம்பா." அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். திடீரென்று, "எடு" என்றார். "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு." "கஞ்சி காஞ்சிருச்சு. இதுக்கு மேல நூல் கருகும். எடுடா." குரலில் அந்தப் பழைய ஷிப்ட் அதட்டல். எடுத்தேன். குச்சி விட்டுப் பார்த்தால் ஒட்டாமல் வந்தது. அடி சரியான பொன்னிறம். ஓரத்தில் ஒரே இடத்தில் மட்டும் கறுக்க ஆரம்பித்திருந்தது.

டப்பாவைக் கவிழ்த்ததும் கேக் மூன்றாக உதிர்ந்தது. ஓட்ஸில் மைதா மாதிரி இழுத்துப் பிடிக்கிற பசை கிடையாது என்று சொல்தா அம்மா அப்புறம் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அப்பா ஒரு விள்ளலை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நகர்த்தினார்.

"இது கேக் இல்ல. புட்டு."

"எப்படி இருக்கு?"

"கசக்குது. சுகருக்கு நல்லது." அப்புறம் யோசித்து, "கிறிஸ்மஸுக்கு சொல்தா வீட்லேருந்து விவிக்கம் கேக் வருமே, அதுல ரம் ஊத்துவாங்க. இதுல என்ன ஊத்துன?"

"சாத்துக்குடி ஜூஸ்."

"அதான்" என்றார்.

ஆனால் இன்னொரு விள்ளல் எடுத்தார். கசப்புக்கு நடுவில், மூக்கில் ஏறுகிற அந்தப் பழ வாசனை நன்றாகத்தான் இருந்தது. என் கேக் என்பதால் சொல்லவில்லை. இரண்டு பேருக்குச் செய்தது என்றுதான் பேர். வாசனைக்கு மாடி வீட்டுப் பையன் வந்தான். அவனைத் தேடி அவன் தங்கை. ருசி பார்க்க சொல்தா அம்மா. பணம் வாங்க வந்த கீரைக்காரம்மா. எனக்கு வந்தது ஓரத்தில் கறுத்த துண்டு.

அந்த நேரம் பார்த்துத்தான் வீடியோ கால். ஞாயிறு ராத்திரி மாடி வீட்டுப் பெரிய பையன் ஓசூர் பஸ் ஏறுகிறான் என்று அவளுக்கு அங்கிருந்தே தெரிந்திருக்கிறது. "சங்க பேக் பண்ணிட்டீங்களா? காட்டுங்க." நான் கேமராவை விட்டத்தைப் பார்த்துத் திருப்பினேன். அப்பா, உதவி செய்கிற உற்சாகத்தில், சிங்க்கிலிருந்து எடுத்து போனுக்கு நேரே நீட்டினார். உள்ளே ஓட்ஸ் மாவு, வெளியே முட்டை, மூக்கில் சாத்துக்குடித் தோல்.

ஓசூரிலிருந்து கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை. பின்னால் மகள் விழுந்து விழுந்து சிரிப்பது மட்டும் கேட்டது. நிறைமாசக்காரி அப்படிச் சிரிக்கக் கூடாது என்று சொல்லலாமென வாயெடுத்தேன், கால் கட்.

நேற்று ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கூடத்தில் விளக்கு எரிந்தது. அப்பா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, விபூதி தொட்டுச் சங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேட்டி முழுக்க விபூதி. "போய்ப் படுங்கப்பா, காலைல நான் பண்றேன்" என்றேன். காதில் விழவில்லை. விழாத மாதிரி இருந்தாரோ என்னவோ. "இதுல விளக்கெண்ணெய் ஊத்துனா உங்கம்மா கைய கடிப்ப நீ" என்றார், நிமிராமலே. சங்கின் மூக்குக்குள் ஒரே ஒரு ஓட்ஸ் துணுக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. அதை ஊக்கு முனையால் நெம்பி எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் எவ்ளோடா இருக்கு இந்தச் சனியன்?"

"முக்கால் கிலோவுக்கு மேல இருக்கும்பா."

"சாத்துக்குடி?"

"நாப்பது."

ஊக்கை வேட்டியில் குத்திக்கொண்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.