அம்மாவின் பழைய போனும் ஏழு தட்டும்

போன் ஸ்டக் ஆகுது என்று அம்மா சொல்லத் தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். "அனுப்பினா போகுதில்ல மனே, அழிச்சா அழியுதில்ல." முறைப்பாடு இவ்வளவுதான். என் காதில் விழுந்தது 'போன் ஸ்லோ' என்பது மட்டும்.

2018 இல் தம்பி கட்டாருக்குப் போகும் முன் வாங்கிக் கொடுத்த போன் அது. அன்ட்ரொய்ட் 8.1, 2 ஜிபி ரேம், 16 ஜிபி சேமிப்பு. மட்டக்களப்பு, கல்லடியில் கடலுக்குக் கிட்ட வீடு என்பதால் உப்புக்காற்றில் சார்ஜர் வாய் பச்சை பிடித்திருக்கிறது. மற்றபடி உடைவு, கீறல் எதுவும் இல்லை. அம்மா இதில் செய்வது மூன்றே வேலை. தம்பியோடு வாட்ஸ்அப், கோயில் திருவிழா வீடியோக்கள், ஒரு நாட்காட்டி. புதியது வாங்கித் தருகிறேன் என்றால் "இருக்கிறதுக்கு என்ன குறை" என்பார். குறையை இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

சரி, டெவலப்பர் ஒப்ஷன்ஸைத் திறந்து பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உட்கார்ந்தேன். செயலி செய்கிறவர்களுக்காக அன்ட்ரொய்டில் ஒளித்து வைத்திருக்கிற அமைப்புப் பட்டியல் அது. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போன். கடைசியில் பில்ட் நம்பர் என்று ஒரு வரி இருக்கும். அதன்மேல் ஏழு தரம் தட்ட வேண்டும். மூன்று நான்கு தட்டிலேயே 'இன்னும் இத்தனை தட்டு' என்று கீழே எண்ணிக்காட்டத் தொடங்கிவிடும். ஏழாவது தட்டில் நீங்கள் டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்று ஒரு வாழ்த்து. ஒரு வரி நிரல் எழுதாமல் அந்தப் பட்டம் கிடைக்கிற இடம் இது ஒன்றுதான். 2012 இல் வந்த அன்ட்ரொய்ட் 4.2 க்கு முன்பு இந்தப் பட்டியல் மறைக்கப்படாமல் செட்டிங்ஸிலேயே கிடந்தது. தெரியாதவர்கள் உள்ளே போய்க் குழப்பாமலிருக்க அதற்குப் பிறகுதான் ஒளித்தார்கள். என் மூன்று வாரத்தைப் பார்த்தால் ஒளித்தது நியாயம்தான்.

முதலில் கை வைத்தது எல்லாரும் கை வைக்கிற இடம். விண்டோ அனிமேஷன், ட்ரான்சிஷன் அனிமேஷன், அனிமேட்டர் டியூரேஷன் என்று மூன்று அளவுகள். மூன்றும் 1 இல் இருக்கும். 0.5 ஆக்கினால் திரை விரிவதும் சுருங்குவதும் பாதி நேரத்தில் முடியும். முழுக்க நிறுத்தவும் செய்யலாம். வேகம் கூடியதாக மனம் சொல்லும். மனத்தை நம்பக்கூடாது என்று என் போனை அரிசிப் பேணியில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். நொடிக்கு 30 படம். விரல் பட்ட படத்திலிருந்து டயலர் முழுதாகத் தெரிகிற படம் வரை எண்ணினால் முன்பு 34, 0.5 இல் 27, நிறுத்தியபோது 25. அதாவது கால் நொடி போல மிச்சம். வாட்ஸ்அப்பை முதல் தரம் திறக்கும்போது வித்தியாசம் எண்ணவே முடியவில்லை. செயலி நினைவகத்தில் ஏறுவதற்குத்தான் நேரம் போகிறது. அனிமேஷன் அந்தக் காத்திருப்பை மூடுகிற திரைச்சீலை மாதிரி. சீலையைக் கழற்றினால் வெள்ளைத் திரை பல்லை இளிக்கிறது. அம்மா ஒரு நாள் பாவித்துவிட்டு, "வெட்டி வெட்டி வருது, கண்ணுக்குள்ள குத்துது" என்றார். 0.5 இல் விட்டேன்.

அடுத்த நான்கு நாளும் வீண். அதை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இந்தப் பட்டியலைத் திறக்கிற எல்லாருக்கும் இந்த இரண்டு வரியிலும் ஆசை வரும்.

ஒன்று, பேக்ரவுண்ட் ப்ரோசெஸ் லிமிட். பின்னால் எத்தனை செயலி நினைவகத்தில் தங்கலாம் என்ற வரம்பு. 2 ஜிபி ரேமில் இதைக் குறைத்தால் காற்றோட்டம் வரும் என்று கணக்குப் போட்டு, அதிகபட்சம் 2 என்று வைத்தேன். நடந்தது தலைகீழ். வாட்ஸ்அப்பில் இருந்து படங்களுக்குப் போய், நாட்காட்டி பார்த்துவிட்டுத் திரும்பினால் வாட்ஸ்அப் அடியிலிருந்து மறுபடி ஏறுகிறது. நினைவகம் காலியாக இருப்பதில் அம்மாவுக்கு என்ன லாபம்? இதில் இன்னொரு கூத்து. மறுநாள் அதே சோதனையைச் செய்தால் பழைய விடை வந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். என் கணக்கைச் சந்தேகித்து, கமராவைச் சந்தேகித்து, கடைசியில் பட்டியலுக்குள் போய்ப் பார்த்தால் வரம்பு தானாகப் பழையபடி ஸ்டாண்டர்டுக்கு வந்திருக்கிறது. இந்த அமைப்பு போன் அணைந்து எழும்பினால் நிற்காது. பற்றரி பழையது, இரவில் தீர்ந்து செத்துவிடும். விடிய அம்மா சார்ஜில் போட்டு எழுப்புவார். ஒவ்வொரு காலையும் என் ஆராய்ச்சி சுத்தமாகத் துடைக்கப்பட்டிருக்கிறது.

மற்றது, டோன்ட் கீப் அக்டிவிட்டீஸ். பெயரைக் கேட்டால் நினைவகத்தைச் சேமிக்கிற நல்ல பிள்ளை போல இருக்கும். ஒரு திரையை விட்டு நகர்ந்தவுடன் அதை அழித்துவிடும். மின்கட்டணம் கட்டுகிற படிவத்தை அந்தப் போனில் பாதி நிரப்பிவிட்டு, கணக்கு இலக்கத்தைப் பார்க்கப் படத்தைத் திறந்து திரும்பி வந்தேன். படிவம் வெறுமை. இரண்டு தரம் இப்படி. இது செயலி செய்கிறவர்கள் தங்கள் செயலி இடையில் அழிக்கப்பட்டால் தாங்குமா என்று சோதிக்க வைத்த பொறி. அதற்குள் நானே காலை விட்டிருக்கிறேன். இந்தப் பட்டியலில் பாதி அப்படித்தான்: போனைத் திருத்துவதற்கில்லை, செயலியை வதைத்துப் பார்ப்பதற்கு. திரையை வரைகிற வேலையை வரைகலைச் சிப்பிடமே கட்டாயமாகக் கொடுக்கிற ஃபோர்ஸ் ஜிபியு ரெண்டரிங்கும் போட்டுப் பார்த்தேன். இப்போதைய செயலிகள் எல்லாம் எப்படியும் அந்தச் சிப்பைத்தான் பாவிக்கின்றன, மிகப் பழையவற்றுக்குத்தான் ஏதாவது மாறும். ஒன்றும் மாறவில்லை, அணைத்தேன்.

இரண்டாவது வாரம் யூஎஸ்பி டீபக்கிங். போனோடு வந்து, யாரும் திறக்காமல் கிடக்கிற செயலிகளை லப்டொப் வழியாகக் கழற்றுவது திட்டம். கூகுள் தருகிற பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்ற சிறு கோப்பை இறக்கி, அதிலுள்ள ஏடிபி என்ற, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்புகிற கருவியில் ஏடிபி டிவைசஸ் என்று கொடுத்தால், இணைந்த போன்களின் பட்டியல் காலி. ட்ரைவர் மாற்றினேன், லப்டொப்பை அணைத்து எழுப்பினேன், ஒரு மணித்தியாலம் போனது. பிழை கேபிளில். ஒழுங்கான கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தரவுக்கு இரண்டு கம்பி இருக்க வேண்டும். சந்தியில் வாங்கிய மலிவுக் கேபிளில் மின்சாரக் கம்பி மட்டும்தான். சார்ஜ் ஏறும், பேச்சு வார்த்தை இருக்காது. மச்சானிடம் வேறொன்று வாங்கிக் குத்தியதும் போன் தெரிந்தது, ஆனால் அனுமதி இல்லை என்ற குறிப்போடு. போன் திரையில் இந்தக் கணினியை நம்பலாமா என்று ஒரு கேள்வி வந்து நின்றது. எப்போதும் நம்பு என்று குறியிட்டு ஓகே சொன்ன பிறகுதான் வேலை தொடங்கியது.

ஆறு செயலிகளைக் கழற்றினேன். 1 ஜிபியாவது மிஞ்சும் என்று நினைத்தால் கிடைத்தது 280 எம்பி. பிறகுதான் விளங்கியது, இந்த முறையில் கழற்றுவது பாவிப்பவரின் கணக்கிலிருந்து மட்டும். மூலப் பிரதி சிஸ்டம் பகுதிக்குள் அப்படியே கிடக்கும். அந்தப் பகுதியின் இடம் நமக்கு எப்படியும் வராது. மிஞ்சியது அவற்றின் அப்டேட்டுகளும் சேர்த்து வைத்த தரவும்தான். நல்லது என்னவென்றால், ஃபக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் திரும்பி வரும், அதனால் பயமில்லை. ஆனால் பெயர் விளங்காத எதையும் கழற்ற வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு அம்மாவிடம் கேட்டேன், "இப்ப எப்படி?" பதில்: "அனுப்பினா போகுதில்ல மனே."

அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தம்பிக்கு ஒரு வரி எழுதுகிறார். எழுத்தெல்லாம் ஒழுங்காக விழுகிறது. ஒன்று பிழைத்துவிட்டது, அழிக்கும் விசையை அமத்துகிறார், அழியவில்லை. இன்னும் அழுத்தி அமத்துகிறார். ஐந்தாம் தரம் அழிந்தது. பிறகு அனுப்புகிற பச்சை வட்டம். அதுவும் அதே கதை. அழிக்கும் விசை வலது ஓரம், அனுப்பும் வட்டம் வலது ஓரம். இரண்டு மாதமாக அவர் சொன்ன இரண்டு வசனமும் ஒரே ஓரத்தைப் பற்றியது.

டெவலப்பர் ஒப்ஷன்ஸில் பொயின்டர் லொகேஷன் என்று ஒன்று உண்டு. போட்டால் விரல் போகிற பாதையைத் திரையில் கோடாக வரைந்து, இருக்கிற இடத்தின் எண்ணை மேலே காட்டும். முதல் நாளே கண்டிருந்தேன், விளையாட்டுச் சாமான் என்று தாண்டிப் போயிருந்தேன். இப்போது அதைப் போட்டு, வயலுக்கு வரம்பு கட்டுகிற மாதிரி மேலிருந்து கீழாக இடமிருந்து வலமாகக் கோடு கோடாக இழுத்தேன். இடப்பக்கக் கோடெல்லாம் ஓரம் வரை போகிறது. வலது பக்கம் எல்லாக் கோடும் ஒரே இடத்தில் நிற்கிறது, ஆற்றங்கரையில் வந்து நின்ற மாதிரி. அம்மாவின் தையல் அளவுகோலை வைத்துப் பார்த்தால் மேலிருந்து கீழ் வரை 6 மில்லிமீட்டர் அகலப் பட்டை, அதில் தொடுகை செத்திருக்கிறது. படம் தெரிகிறது, விரல் தெரியவில்லை. மேலே ஒட்டிய கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தேன், அதே 6.

போன் ஸ்லோ இல்லை. இருந்திருந்தாலும் அம்மாவின் பிரச்சினை அது இல்லை.

பாலத்தைத் தாண்டி டவுனில் ஒரு திருத்துகிற கடையில் காட்டினேன். தொடுதிரையை மட்டும் தனியாக மாற்ற முடியாதாம், டிஸ்ப்ளேயோடு சேர்த்துத்தான். அவர்கள் சொன்ன விலைக்கு இதே போனைப் பாவித்ததாக வாங்கலாம். திரும்பி வரும்போது புதுப் பாலத்தில் வராமல் பழைய பாலத்தால் நடந்து வந்தேன். 1924 இல் கட்டிய பாலம். 2013 இல் பக்கத்தில் புதியது திறந்த பிறகும் அதை இடிக்கவில்லை, நடக்கிறவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். போனையும் அந்த மாதிரி விட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. செத்த பட்டை சாகட்டும், வேலையை உள்ளே தள்ளுவோம்.

கீபோர்டில் ஒரு கைக்கு ஒதுக்குகிற முறை இருக்கிறது. அதை இடப்பக்கம் ஒதுக்கியதும் அழிக்கும் விசை பட்டைக்கு வெளியே வந்துவிட்டது. வாட்ஸ்அப்பின் சட் அமைப்பில் என்டர் விசையே அனுப்பும்படி வைக்கலாம். வைத்தேன். எழுதுவதும் அனுப்புவதும் தீர்ந்தது. மிஞ்சியது குரல் செய்தியின் மைக். அதை ஓரத்திலிருந்து நகர்த்த வழியில்லை, பெரிதாக்கத்தான் முடியும். அதற்கு டெவலப்பர் ஒப்ஷன்ஸில் ஸ்மோலெஸ்ட் விட்த் என்ற எண். 360 இருந்தது, குறைத்தால் திரையில் எல்லாம் பெரிதாகும். 320 போதும்.

360 இல் கடைசி இரண்டு இலக்கத்தை அழித்துவிட்டு 20 அடித்து ஓகே கொடுத்தேன். எண்கள் அடிக்கிற பலகை ஒதுங்கவில்லை. அழிக்கும் விசை எங்கே இருக்கிறது? வலது ஓரத்தில். எது செத்துக் கிடக்கிறது? மூன்று வாரமாக அதைத்தான் தேடி அலைந்திருக்கிறேன். பெட்டிக்குள் 36020 என்று போயிருக்கிறது.

எழுத்தெல்லாம் கசகசா விதை. போன் தன்னை டப்லெட் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பத்தியாகப் பிரிந்து நிற்கிறது. அந்த அளவில் திரும்பப் போகிற வழியை விரலால் தொடக்கூட முடியவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன மனே, பஞ்சாங்கமா?" என்றார். காப்பாற்றியது அந்த ஏடிபி வேலைதான். லப்டொப்பை நம்பச் சொல்லி ஏற்கெனவே குறியிட்டிருந்ததால் கேபிளைக் குத்தி, டபிள்யூஎம் டென்சிட்டி ரீசெட் என்று ஒரு கட்டளை. திரை பழையபடி. இரண்டாம் தரம் 360 ஐ விரலால் நீள அமத்தி முழுதாகத் தெரிவு செய்து, அதன் மேலேயே 320 அடித்தேன். அழிக்கிற வேலையே இல்லை.

மைக் ஒரு மில்லிமீட்டர் மாதிரிப் பெரிதானது. பட்டைக்கு இந்தப் பக்கம் விரல் வைக்க அது போதுமாக இருக்கிறது. எழுத்தும் பெரிதாகியதில் அம்மாவுக்கு இரட்டைச் சந்தோசம். இவ்வளவு நாளும் கண்ணாடி போடாமல் சமாளித்ததை இப்போதுதான் ஒத்துக்கொண்டார்.

இப்போதைய நிலை: அனிமேஷன் 0.5, அகலம் 320, மற்றது எல்லாம் பழையபடி. யூஎஸ்பி டீபக்கிங்கை அணைத்து, கணினிகளுக்குக் கொடுத்த அனுமதியையும் அதே பட்டியலில் ரத்துச் செய்தேன். அம்மாவிடம் வங்கிச் செயலி இல்லை. வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும், சில வங்கிச் செயலிகள் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறந்திருந்தால் வேலை செய்ய மறுக்கும். அந்தப் பட்டியலின் மேலே உள்ள ஆளியை ஓஃப் செய்துவிட்டுத்தான் அவற்றைத் திறக்க வேண்டும்.

நேற்று மறுபடி கோடு போட்டு அளந்தேன். பட்டை இப்போது 7 மில்லிமீட்டர்.