பெட்டியைத் திறந்தால் தொழில் தெரியும்

காங்கேயத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மேற்கே பல்லடம், வடக்கே சென்னிமலை, கிழக்கே வெள்ளகோவில் வரை கூப்பிட்டால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பையில் ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால்கூட யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிரஷ் இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது. கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றிய கையோடு, அது எந்தத் தொழில் நடக்கிற இடத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். கண்ணாடி அறைக்குள் பில் போடும் மேசையில் இருந்தாலும், அது குடிப்பது அந்த ஆலையின் காற்றைத்தானே.

திருப்பூர்ப் பக்கத்துப் பெட்டி என்றால் பஞ்சு. பனியன் கம்பெனிகளில் துணி வெட்டும்போதும் தைக்கும்போதும் பறக்கிற பிசிறு, பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட் சிங்க்கில் போய்ச் சேர்கிறது. அலுமினியத் தகடுகளுக்கும் விசிறிக்கும் நடுவே படிந்து படிந்து, கடைசியில் கம்பளித் துண்டு போல ஒரே அடையாக உரிந்து வரும். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். காற்று கீழே இறங்காது. சூடு நூறு டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் பெட்டி அணைந்துவிடும். கம்பெனிக்காரருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. கணக்கு எழுதும் டாலி மென்பொருள் நின்றுபோவதுதான் அவருக்குத் தெரியும். "மத்தியானம் ஆனால் டாலி நகர மாட்டேன் என்கிறதுங்க, வைரஸ் இருக்கும் போலிருக்கிறது" என்பார். எனக்கு முன்னால் வந்தவர் வைரஸ் என்றே முடிவுகட்டி ஃபார்மட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஃபார்மட் அடிப்பது எங்கள் தொழிலில் சோம்பேறி வைத்தியம் என்பது என் கருத்து. இதைச் சொல்லி இரண்டொரு நண்பர்களின் பகையைச் சம்பாதித்திருக்கிறேன்.

இந்தப் பஞ்சை எடுக்கக் காற்று ஊதும் புளோயர் அடிக்கும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் காற்றின் வேகத்தில் அது கிறுகிறுவென்று சுழலும். பார்க்கப் பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும், பேரிங் கெட்டுவிடும். அதோடு, வெளியிலிருந்து சுழற்றப்படும் மோட்டார் டைனமோ ஆகிவிடுவதால் போர்டுக்குள் மின்சாரம் திரும்பிப் பாயவும் வாய்ப்பு உண்டு. பிறகு பிராசஸரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும், காய்ந்து சுண்ணாம்பாகிப் போன பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதியதை மிளகளவு வைத்து மூடினால், மறுநாள் மத்தியானமும் டாலி ஓடும்.

பஞ்சு நல்ல தூசி. ஊதினால் போய்விடும். எங்கள் ஊர் எண்ணெய் ஆலைத் தூசி அப்படியல்ல. கொப்பரை ஆட்டுகிற இடத்தில் காற்றிலேயே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதில் மண்ணும் சேர்ந்து போர்டில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷை நனைத்து ஓரம் ஓரமாகத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஈரோட்டு மஞ்சள் மண்டியிலிருந்து வருகிற கீபோர்டுக்குள் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, எனக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

கோழிப் பண்ணைப் பெட்டிகள்தான் எனக்குப் பிடிக்காதவை. அங்கே கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிட மூக்குக்குத் தெரிகிற அம்மோனியா மோசம். ஈரக் காற்றோடு சேர்ந்து செம்பை அரித்துவிடும். ரேம் பலகையின் விளிம்பில் இருக்கும் பொன்முலாம் பூசிய பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் பல நேரம் பெட்டி உயிர் பெற்றுவிடும். செம்பில் பச்சை பூத்துவிட்டால் ரப்பர் உதவாது. போர்டை மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு வியாதி பூமிக்குள் இருக்கிறது. கொங்கு நாடு மழை மறைவுப் பகுதி. சித்திரை வந்தால் எர்த் குழி காய்ந்துபோய், மண்ணுக்கும் கம்பிக்கும் தொடர்பு விட்டுப்போகும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது, பிரிண்டர் திடீர் திடீரென்று தொடர்பறுந்து போகிறது என்று ஒரு ஆலையில் கூப்பிட்டார்கள். மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தேன். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் அடங்க வேண்டிய இடத்தில் நாற்பதுக்கு மேல் காட்டியது. பின்னால் போய், வேப்பமரத்தடியில் இருந்த எர்த் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் இறங்க இறங்க மீட்டரில் எண் குறைந்துகொண்டே வந்தது. கணக்குப் பார்க்கும் அம்மணி சிரித்துவிட்டார்: "ஏனுங்க தம்பி, தண்ணீர் ஊற்றியது நம்ம ஆள், காசு உங்களுக்குங்களா?" கொடுத்துவிட்டார், அது வேறு விஷயம். வாரம் ஒரு முறை இரண்டு குடம் ஊற்றுங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

இப்போது வருகிற சிக்கல் இதில் எந்த வகையிலும் சேராது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குப் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். உமியையும் தவிட்டையும் தின்றுகொண்டு, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுவிட்ட பிறகு சுறுசுறுப்பாக ஓடுகிற நான்காம் தலைமுறை ஐ3 பெட்டியை, ஒரு சிப் இல்லை என்பதற்காகத் தூக்கிப் போடு என்றால் எந்த ஆலைக்காரர் கேட்பார்?

அரிசி ஆலை எடை மேடையில் இது இன்னும் சிக்கல். லாரி ஏறி நின்றால், எடை காட்டும் கருவியிலிருந்து சீரியல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பு வழியாகத்தான் எண் கம்ப்யூட்டருக்கு வருகிறது. இன்றைய போர்டுகள் பலவற்றின் பின்பக்கம் அந்தப் போர்ட் கிடையாது. யுஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டால் போர்ட் எண் மாறி, பழைய மென்பொருள் எடையையே காட்டாமல் நிற்கும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் போய் அந்த எண்ணைப் பழையபடி வைக்க வேண்டும். சீட்டு அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் இருந்தாக வேண்டும், ஏனென்றால் கார்பன் நகலுக்கு ஊசி அழுத்தி அடித்தால்தான் மூன்று பிரதியிலும் எழுத்து விழும். லேசரால் அது ஆகாது.

போன வாரம் ஒரு ஆலையில், அப்டேட் நின்றுபோன அந்தப் பழைய பெட்டியின் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, எடை மேடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஜிஎஸ்டி, பேங்க் வேலைக்கெல்லாம் வேறு பெட்டி வாங்கியே ஆக வேண்டும் என்று விலையும் சொன்னேன். அண்ணன் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தை பிறக்கட்டுங்க தம்பி, பார்க்கலாம்."

எந்தத் தை என்று நான் கேட்கவில்லை.