யோஹன்னஸை ஜான் ஆக்கிய சான்றிதழ்: ஆர்மீனிய வேர் தேடிய அனுபவம்

அம்மாவின் பாட்டிக்குப் பிறந்த வீட்டுப் பெயர் கிரிகோரி. வெள்ளைக்காரர் வழி என்றே எங்கள் வீட்டில் சொல்லி வந்தார்கள். அவர் ஆர்மீனியர் வழி வந்தவர் என்பது இப்போது உறுதியாகிவிட்டது. ஆனால் அதற்காக ஓர் ஆலய அலுவலகத்தில் பட்ட பாடு இன்னும் மனதில் ஆறவில்லை.

முதல் கட்டம் சுலபம். மதராஸ் மாகாண ஆலயப் பதிவுகளின் நகல்கள் அந்தக் காலத்தில் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தில் அவை என்/2 வரிசை. பக்கங்களின் படங்கள் குடும்ப வரலாறு தேட உதவும் ஃபைண்ட்மைபாஸ்ட் இணையதளத்தில் கிடைக்கின்றன. பாட்டியின் பெற்றோர் திருமணம் அதில் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா யோஹன்னஸ் கிரிகோரி. சாட்சிகள் ஒருவர் அராத்தூன், இன்னொருவர் கராப்பியட். இரண்டும் இந்திய ஆர்மீனியர்களிடம் அடிக்கடி வரும் பெயர்கள்.

சாட்சி ஆர்மீனியர் என்பதால் மாப்பிள்ளையும் ஆர்மீனியர் ஆகிவிட மாட்டார். லண்டன் பிரதியில் எல்லாப் பெயரும் ஒரே எழுத்தரின் கையால் எழுதியவை. அவரவர் கையொப்பம் மூலப் பதிவேட்டில்தான் இருக்கும். அதைப் பார்க்கத்தான் அந்தத் திருமணம் நடந்த ஆலயத்துக்குப் போனேன்.

"சான்றிதழ்தான் தருவோம், பதிவேட்டைக் காட்ட மாட்டோம்" என்றார் கிளார்க். சரி, விண்ணப்பம் கொடுத்தேன். உறவுக்கு ஆதாரம் கேட்டார். அம்மாவின் பிறப்புச் சான்றிதழோடு போனால், பாட்டியின் இறப்புச் சான்றிதழும் வேண்டும் என்றார். அதையும் தேடி எடுத்துப் போன அன்று ஆள் விடுப்பு. பீரோ சாவி அவரிடம். கடைசியில் கைக்கு வந்த சான்றிதழில் யோஹன்னஸ் கிரிகோரி, ஜான் கிரிகோரி ஆகியிருந்தார். வயிறு எரிந்தது. எங்களிடம் மிச்சமிருந்த ஒரே தடயம் அந்தப் பெயர்தான். அதையும் முத்திரை குத்தி அழித்துவிட்டார்கள்.

லண்டன் பக்கத்தை அச்செடுத்து, சான்றிதழோடு சேர்த்து நேராக அந்த ஆலயத்தின் பொறுப்பாளரான ஆயரிடம் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தார். மணப்பெண் ஆங்கிலத்தில் கையெழுத்திட்டிருந்தார். அதற்கு மேலே, மாப்பிள்ளையின் கையெழுத்து ஆர்மீனிய எழுத்தில்! எழுத்து அட்டவணையை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நகலில் கிரிகோரி என்று இருந்தவர் தன் கையால் கிரிகோரியான் என்று எழுதியிருந்தார். ஆயர் அன்றே திருத்திய சான்றிதழும் கொடுத்தார்.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிளார்க்கிடம் போகும் முன்பே ஆயருக்குக் கடிதம் எழுதுங்கள்; மூலப் பதிவைப் பார்வையிட வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். சான்றிதழில் பெயர்கள் பதிவேட்டில் உள்ளபடியே வர வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

குடும்பப் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். ஈரானின் இஸ்பஹான் நகரில் ஆர்மீனியர்கள் வாழ்ந்த புதிய ஜுல்ஃபா பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் பலவற்றில் அப்பாவின் பெயரே பிள்ளைக்குக் கடைசிப் பெயர் ஆனது. அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டே போகும்.

சென்னை அரண்மனைக்காரத் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனிய தேவாலயத்தில் நிறைய பழைய கல்லறைகள் இருக்கின்றன. சில கற்களில் ஆண்டை எண்ணால் எழுதாமல் எழுத்தால் குறித்திருப்பார்கள். ஒவ்வொரு ஆர்மீனிய எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. அங்கே கவனம் தேவை. நம் கிறிஸ்தவ ஆண்டு கிடைக்க, பெரிய ஆர்மீனிய ஆண்டு என்றால் 551 கூட்ட வேண்டும். ஜுல்ஃபாக்காரர்களின் சின்ன ஆண்டு என்றால் 1615. அதாவது 1243 என்று இருந்தாலும் 179 என்று இருந்தாலும் இரண்டும் 1794-தான். உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தரார் மதராஸில் வெளிவரத் தொடங்கிய வருடம் அது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

யோஹன்னஸின் கல்லை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்து கல்கத்தா ஆர்மீனிய தேவாலயத்துக்கு எழுதப் போகிறேன், திருத்திய சான்றிதழையும் கையெழுத்தின் படத்தையும் இணைத்து.