பி.காம் படித்துக்கொண்டே ஜப்பானிய மொழி: தமிழ் வழியாகப் போனால் எளிது

பி.காம் இரண்டாம் ஆண்டில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி தேர்வில் முதல் படியான என்5, அடுத்த ஆண்டு என்4, இரண்டையும் கல்லூரியில் அரியர் விழாமல் முடித்தேன். தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் படிக்கிற தம்பி தங்கைகளிடம் சொன்னால், "இங்கிலீஷே தகராறு, இதுல ஜப்பான் மொழியா?" என்கிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும், முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். டிசம்பர் நமக்குச் சரிவராது, செமஸ்டர் தேர்வு நெருக்கிப் பிடிக்கும் நேரம். ஜூலைதான் நல்லது. ஏப்ரல் செமஸ்டர் முடிந்ததும் மே, ஜூன் முழுக்க இதற்கே கொடுக்கலாம். பதிவு பல மாதம் முன்பே முடிந்துவிடும், அதை மட்டும் கவனியுங்கள்.

எனக்கு வகுப்பு சனி, ஞாயிறு, அமைந்தகரைப் பக்கம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, ஷெனாய் நகரில் இறங்குவேன். எழுத்துகளை மனப்பாடம் செய்ததெல்லாம் அந்தப் பயணத்தில்தான்.

பாடத்துக்கு வருவோம். பெரும்பாலான புத்தகங்கள் ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தருகின்றன, அதனால்தான் கடினமாகத் தெரிகிறது. ஜப்பானிய வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், நம்மைப் போலவே. 'மிஸு ஓ நொமிமாஸு' என்றால் 'தண்ணீரைக் குடிக்கிறேன்'. 'ஓ' நம் ஐ உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. 'நி' பல இடங்களில் கு உருபு போல. 'நான்' என்று சொல்லாமலே விடலாம், அதுவும் நம் வழக்கம்தான். நான், நீ, அவர் யாராக இருந்தாலும் வினைமுற்று மாறாது என்பதால் ஒரு விதத்தில் தமிழைவிட எளிது.

என்4-இல் இன்னும் அழகு. 'தபேதே' என்றால் சாப்பிட்டு. அதோடு பார்த்தலைக் குறிக்கும் 'மிரு' சேர்ந்தால் சாப்பிட்டுப் பார்த்தல். 'கத்தே ஒகு' என்றால் வாங்கி வைத்தல். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதை நாம் கேட்ட உடனே பிடித்துக்கொள்கிறோம். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரு மொழிக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், படிக்கிறவருக்கு இந்த ஒற்றுமை பெரிய உதவி.

குறில் நெடிலும் நமக்குப் புதிதல்ல. 'ஒபஸன்' அத்தை, 'ஒபாஸன்' பாட்டி. ஆனால் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்காதீர்கள். நம் 'க' ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கும், அவர்களுக்கு அவை வேறு வேறு. ஹிரகானா 46, கதகானா 46 எழுத்துகளை முதலிலேயே முடித்துவிட வேண்டும். 'கஞ்சி' எனப்படும் சீன எழுத்துகளுக்குக் குறுக்கு வழி கிடையாது, தினமும் எழுத வேண்டியதுதான்.

என்5-க்கு மொத்தம் 180 மதிப்பெண், 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19 தனியாக எடுத்தாக வேண்டும். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். எங்கள் வீடு துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையோரம். ஹாரன் சத்தத்துக்கு நடுவே கேட்டுப் பழகியது தேர்வு அறையில் உண்மையிலேயே உதவியது. அதனால் அமைதியான இடம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள்.

தேர்வில் பேசச் சொல்லமாட்டார்கள், எழுதச் சொல்லமாட்டார்கள், விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். வேலை கேட்டுப் போகும் இடத்தில் அப்படி இல்லை, பேச்சைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளாமல், வகுப்பில் ஒரு துணையைப் பிடித்து முதல் மாதத்திலிருந்தே வாய்விட்டுப் பேசுங்கள். நானும் என் வகுப்புத் தோழியும் திரும்பும் வழியில் சென்ட்ரல் வரை ஜப்பானிய மொழியில் மட்டும்தான் பேசுவோம், இப்போது என்3-க்கும் அப்படியே தொடர்கிறோம்.