ரீல் சீட்டுக்காக மரத்துக்கு ரெசின் ஏற்றிய அனுபவம்

டொராண்டோவில் மனிடோபா மேப்பிளை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. வேலியோரம் தானாக முளைக்கிற மரம். ஆனால் அதன் தண்டில் புடைத்திருக்கும் கழலையை அறுத்துப் பாருங்கள், உள்ளே செக்கச்செவேலென்று கோடுகள் ஓடும். பக்கத்து வீட்டில் மரம் வெட்டியபோது அப்படி ஒரு கழலையைக் கேட்டு வாங்கி, பலகையாக அறுத்து ஒன்றரை வருடம் நிழலில் காயவைத்தேன். ஃபிளை ராடின், அதாவது செயற்கை ஈ கட்டி மீன் பிடிக்கும் தூண்டில் கோலின், ரீல் சீட்டுக்குத்தான். நூல் சுற்றும் ரீலைக் கோலில் பொருத்தும் இடம் அது. மென்மையான மரம் என்பதால் அப்படியே கடைந்து போட்டால் ஆற்றுத் தண்ணீரில் ஊதிவிடும். எண்ணெயும் வார்னிஷும் மேல்தோலோடு நின்றுவிடும். ரெசின், அதாவது திரவமாக உள்ளே போய் இறுகும் பிளாஸ்டிக் பிசின், நடுவரை இறங்க வேண்டும்.

சூட்டில் மட்டுமே இறுகும் ‘காக்டஸ் ஜூஸ்’ என்ற ரெசினை வாங்கினேன். இரண்டு திரவங்களைக் கலந்ததும் தானாக இறுகும் சாதாரண எபாக்ஸி இதற்கு உதவாது, மரத்துக்குள் போவதற்கு முன்பே கெட்டியாகிவிடும்.

முதல் கட்டை வீணானது. ஒன்றரை வருடம் காய்ந்ததுதானே என்று நேராக ரெசினில் போட்டுவிட்டேன். வெளியே கல் மாதிரி இருந்தது. நடுவில் துளை போட்டதும் டிரில் பிட்டில் பிசுபிசுவென்று இறுகாத ரெசின் ஒட்டிக்கொண்டு வந்தது. நிழலில் எவ்வளவு நாள் காய்ந்தாலும் மரத்தில் பத்து சதவீதம் போல ஈரம் இருக்கும். ரெசின் போக வேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்திருந்தால் அது எப்படிப் போகும்?

அடுத்த கட்டையை எடை போட்டேன்: 61 கிராம். பழைய டோஸ்டர் ஓவனில் 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் முழுக்க வைத்தேன். 55 கிராமுக்கு வந்து அதற்குமேல் குறையவில்லை. வெளியே எடுத்ததும் ஜிப் பையில் போட்டு மூடி ஆறவிட்டேன். திறந்து வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும், சூட்டோடு ரெசினில் போட்டால் பாத்திரத்திலேயே இறுகத் தொடங்கிவிடும்.

அப்புறம் வேக்குவம், அதாவது கட்டையை ரெசினில் மூழ்கவைத்து, மூடிய பாத்திரத்திலிருந்து பம்பால் காற்றை உறிஞ்சி எடுப்பது. கட்டை மிதக்காமல் இருக்க மேலே ஒரு இரும்புத் துண்டு வைத்தேன். பம்பை ஓடவிட்டதும் பால் பொங்குவது போல நுரை எழும்பியது. வால்வைக் கொஞ்சம் திறந்து திறந்து அடக்க வேண்டியிருந்தது. குமிழி நிற்க நான்கு மணி நேரம் ஆனது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். வேக்குவம் காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். வால்வைத் திறந்து வெளிக்காற்று உள்ளே வந்து அழுத்தும்போதுதான் ரெசின் மரத்துக்குள் போகிறது. அதனால் பம்பை நிறுத்திவிட்டு இரவு முழுக்க ரெசினிலேயே ஊறவிட்டேன்.

காலையில் வடியவிட்டு, அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, 93 டிகிரியில் இரண்டு மணி நேரம். ஓவனின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள். நாற்றம் கடுமையாக இருக்கும் என்பதால் கராஜ் கதவைத் திறந்து வைத்துச் செய்தேன். சமையலுக்குப் பயன்படும் ஓவனில் இதைச் செய்யவே கூடாது. தாளைப் பிரித்தபோது மூலைகளில் கசிந்த ரெசின் முத்து முத்தாக உறைந்திருந்தது. அதைச் சுரண்டிவிட்டு எடை பார்த்தால் 104 கிராம்!

துளை போட்டேன். இந்த முறை உலர்ந்த தூள்தான் வந்தது. கடைந்து, 2000 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்ததும் வார்னிஷ் இல்லாமலே பளபளத்தது. வாளித் தண்ணீரில் ஓர் இரவு போட்டுப் பார்த்தேன், ஊதவே இல்லை. துளையின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கி எபாக்ஸியால் ராடில் ஒட்டினேன்.

ஒன்றை மட்டும் ரெசின் காப்பாற்றாது. அந்தச் சிவப்பு, வெளிச்சம் பட்டுப் பட்டு மெல்லப் பழுப்பாகிவிடும். அதனால் ஆற்றில் இல்லாத நேரமெல்லாம் அந்த ராட் துணி உறைக்குள்தான் இருக்கிறது.