கடைசிப் பத்தியில் போன உலக சாம்பியன்கள்

விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருப்பவருக்கு மார்ச் என்றால் கிரிக்கெட்தான். ஐபிஎல் தொடங்குவதற்கு முன்பே அணி விவரம், அட்டவணை, சிறப்புப் பக்கம் என்று வேலை குவிந்துவிடும். உலக உள்ளரங்குத் தடகளப் போட்டியும் அந்த மாதத்தில்தான் நடக்கும். இந்தியப் பதக்கம் இல்லையென்றால், "மூணு வரி போதும் தம்பி, தங்கம் வாங்கினவங்க பேரு வந்தா சரி" என்பார் பக்கப் பொறுப்பாளர். இடத்தின் அருமை அவருக்குத்தான் தெரியும். நானும் மூன்று வரியில் முடித்துக் கொடுப்பேன். ஆனால் முடிவு அட்டவணையை முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை படிக்காமல் விட்டதில்லை.

அந்தப் பழக்கத்தை உறுதியாக்கியது 2022இல் பெல்கிரேடில் நடந்த உலக உள்ளரங்குப் போட்டி. ஆண்கள் 60 மீட்டர் ஓட்டத்தில் இத்தாலியின் மார்செல் ஜேக்கப்ஸ் தங்கம், அமெரிக்காவின் கிறிஸ்டியன் கோல்மன் வெள்ளி. இருவர் நேரமும் 6.41 விநாடி. செய்தி அப்படியே அச்சானது. பிறகு ஒரு உடற்கல்வி ஆசிரியர் போன் செய்தார். "ஒரே நேரம்னு போட்டிருக்கீங்க, அப்புறம் எப்படி சார் ஒருத்தருக்கு வெள்ளி? பசங்க கேக்குறாங்க" என்றார். அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினேன். போட்டோ ஃபினிஷ் கேமரா ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை காட்டும். அறிவிக்கும் நேரமோ நூறில் ஒரு பங்கு வரைதான். மிச்சம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அடுத்த நூறில் ஒரு பங்குக்கு ஏற்றிவிடுவார்கள். ஜேக்கப்ஸ் ஓடியது 6.407, கோல்மன் 6.410. 6.401 என்று ஓடியிருந்தாலும் பலகையில் 6.41தான் வரும். அவர் அந்த எண்களை எழுதிக்கொண்டார். இது செய்தியிலேயே இருந்திருக்க வேண்டிய விஷயம். இருந்திருந்தால் அவர் பணம் செலவழித்துக் கேட்க வேண்டியிருந்திருக்காது. சம நேரம் வந்தால் ஆயிரத்தில் எவ்வளவு என்பதையும் அன்று முதல் சேர்த்து வருகிறேன். அதற்கு நான்கு சொல் போதும்.

2024 மார்ச் தொடக்கத்தில் கிளாஸ்கோ. அங்கே இரவு ஒன்பது மணி என்றால் நமக்கு அதிகாலை இரண்டரை. மாலை நேர இறுதிப் போட்டிகள் முடிவதற்குள் நகரப் பதிப்பு அச்சுக்குப் போயிருக்கும். எல்லாம் ஒரு நாள் பழையதாகித்தான் வாசகரிடம் சேரும், அதனால் இடமும் சுருங்கும். நெதர்லாந்தின் ஃபெம்கே போல் 400 மீட்டரில் 49.17, பஹாமாஸின் டெவின் சார்ல்டன் 60 மீட்டர் தடை ஓட்டத்தில் 7.65. இரண்டும் உள்ளரங்கு உலக சாதனை, தலைப்பு அவற்றுக்குப் போனது. அது நியாயம்தான்.

கடைசிப் பத்தியில் இரண்டு பெயர்கள் இருந்தன. பெண்கள் 60 மீட்டரில் 6.98 விநாடியில் வென்ற செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட். மும்முறைத் தாண்டலில் 15.01 மீட்டர் தாண்டிய டொமினிக்காவின் தியா லஃபாண்ட். டொமினிக்கா வேறு, டொமினிகன் குடியரசு வேறு. சுருக்கக் குறியீட்டைப் பார்த்து நாட்டுப் பெயரை உறுதி செய்த பிறகே அனுப்பினேன். ஏறக்குறைய எழுபதாயிரம் பேர் வாழும் தீவு அது, நம்மூரில் ஒரு நடுத்தர நகராட்சி அளவு. ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆல்ஃபிரட்டுக்கு 100 மீட்டர் தங்கம், லஃபாண்டுக்கு 15.02 மீட்டரில் தங்கம். இரண்டு நாடுகளுக்கும் அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம். "யாருப்பா இவங்க, திடீர்னு?" என்று டெஸ்க்கில் கேட்டார்கள். திடீரென்று வந்தவர்கள் இல்லை அவர்கள். ஐந்து மாதம் முன்பு நம் பக்கத்திலேயே, யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் இருந்தார்கள். நியூசிலாந்தின் ஹாமிஷ் கெர் உயரம் தாண்டுதலில் கிளாஸ்கோவில் தாண்டியதும் 2.36, பாரிஸில் தங்கம் வென்றபோது தாண்டியதும் 2.36.

உள்ளரங்கில் வென்றவரெல்லாம் கோடையிலும் வெல்வார் என்று சொல்ல வரவில்லை. கிளாஸ்கோவில் 60 மீட்டரை 6.41இல் வென்ற கோல்மனுக்கு பாரிஸின் 100 மீட்டருக்கான அமெரிக்க அணியில் இடமே கிடைக்கவில்லை. கிளாஸ்கோவில் 6.44இல் இரண்டாவதாக வந்த நோவா லைல்ஸ்தான் பாரிஸில் தங்கம் வாங்கினார்: 9.784. ஜமைக்காவின் கிஷேன் தாம்சன் 9.789. பலகையில் இருவருக்கும் 9.79. இந்த முறை அந்த மூன்றாவது இலக்கத்தை டெஸ்க்கில் யாரும் என்னிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. செய்தியின் இரண்டாம் வரியிலேயே அது இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது கிளாஸ்கோவின் ஆண்கள் நீளம் தாண்டுதல். கிரீஸின் மில்டியாடிஸ் டென்டோக்லோ 8.22 மீட்டர், இத்தாலியின் மத்தியா ஃபுர்லானியும் 8.22. மூன்றாமவர் 8.21. சமமானால் இருவரின் அடுத்த சிறந்த தாண்டலைப் பார்க்க வேண்டும். அதில் டென்டோக்லோ முந்தியிருந்ததால் தங்கம் அவருக்கு. ஆறு தாண்டல்களையும் வரிசையாகக் காட்டும் தாளைப் பார்த்தால்தான் இது புரியும். ஃபுர்லானிக்கு அப்போது வயது 19.

கோவிட் காரணமாகத் தள்ளிப்போன நான்ஜிங் போட்டி 2025 மார்ச்சில் நடந்தது. ஃபுர்லானி 8.30, ஜமைக்காவின் வெய்ன் பின்னாக் 8.29, ஆஸ்திரேலியாவின் லியாம் ஆட்காக் 8.28. தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர். வென்றவர் பெயரோடு நிறுத்தாமல், மூவரின் தூரத்தையும் கிளாஸ்கோவில் ஃபுர்லானிக்குத் தங்கம் தவறிய விதத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். பக்கப் பொறுப்பாளர் ஒரு வரியும் வெட்டவில்லை.