நழுவுவதில் நாட்டுக்கு ஒரு வழி

அரசு செய்தித் தொடர்பாளர்கள் எங்கும் நழுவத்தான் செய்கிறார்கள், விதம்தான் வேறு. வாஷிங்டனில் 'அந்தத் துறையிடம் கேளுங்கள்' என்று கைகாட்டிவிடுவார்கள். டோக்கியோவில் அரசின் முதன்மைச் செய்தித் தொடர்பாளரான தலைமை அமைச்சரவைச் செயலாளர் வேலைநாட்களில் பொதுவாக இரண்டு முறை நிருபர்களைச் சந்திக்கிறார், ஆனால் சிக்கலான கேள்வி வந்தால் 'கருத்துச் சொல்வதைத் தவிர்க்கிறேன்' என்று பணிவாக, முகம் மாறாமல், மறுபடி கேட்டாலும் அதே வரிதான். பெய்ஜிங்கில் வெளியுறவு அமைச்சகம் நிருபர் கூட்டத்துக்குப் பிறகு வெளியிடும் எழுத்துப் பதிவில் சில சமயம் சிக்கலான கேள்வியே இருக்காது. இதுதான் எனக்கு ஆறவில்லை, கேட்டதற்கே தடயம் இல்லாமல் போகிறதே!

பெர்லின் முறை எனக்குப் பிடிக்கும். ஜெர்மனியில் 1949 முதல் நிருபர்கள் சங்கமே கூட்டத்தை நடத்துகிறது, அரசுத் தரப்பு வெறும் விருந்தாளி, அடுத்து யார் கேட்பது என்பதையும் ஒரு நிருபர்தான் முடிவு செய்கிறார். மழுப்பல் அங்கேயும் உண்டு, சரி, ஆனால் பிடிக்காத நிருபரைத் தாண்டிப் போக முடியாது.